கணவாய்க் கொப்பு

கடலுக்கும் காயலுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. அதன்மேல் ஓர் ஓலைக் கொட்டகை. அதில் தாயி இருந்தாள்.

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை யாரும் கேட்டதில்லை. வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. தலையில் ஒரு நரைகூட இல்லை. கரைக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, உங்க ஊரு சாமியாரம்மா நம்ம வீட்டுப் பொம்பள மாதிரி இருக்காக?" என்று கேட்டால் பதில் சொல்லச் சிரமப்பட்டார்கள்.

அவளிடம் கேள்வியோடு போனால் வேலை கொடுப்பாள். அதுதான் அவள் வழி. மனசு நிம்மதியாக இல்லை என்று போன வலைக்காரர் ஒருவர் ஒரு பகல் முழுக்கக் கிணற்றில் சேறு அள்ளிவிட்டு வந்தார். நிம்மதி கிடைத்ததா என்று வீட்டில் கேட்டார்கள். "தண்ணி நல்லா ஊறுது" என்றார்.

அப்படிப்பட்டவளிடம் சிஷ்யையாகச் சேர இருளாயி வந்தாள்.

இருளாயி பாசி எடுப்பவள். தீவுப் பக்கம் படகில் போய், விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்குவாள். பாறையில் ஒட்டியிருக்கும் கடல்பாசியைப் பறித்துச் சாக்கில் அடைத்துக்கொண்டு மேலே வருவாள். அவள் முங்கிவிட்டால் படகில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீரையே பார்ப்பார்கள். அவ்வளவு நேரம் உள்ளே இருப்பாள்.

அன்றைக்கு அவள் இடுப்பில் மகள் நாகஜோதி இருந்தாள். நாலு வயது. தலைக்கு எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னி, கனகாம்பரம் வைத்திருந்தது.

"என்ன வேணும்?" என்றாள் தாயி.

"ஞானம் வேணும் தாயி."

"எதுக்கு?"

இருளாயி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. கோயில் கொடையில் ஒலிபெருக்கியில் கேட்டது ஏதோ ஞாபகம் வந்தது. "அக்கரை சேர" என்றாள்.

"நீ பாக்காத கடலா? ஒனக்கு அக்கரைக்கு வழி தெரியாதா?"

குழந்தை இடுப்பிலிருந்து நழுவி இறங்கி மணலை அள்ளி வாயில் போட்டது.

"புள்ள மண்ணத் திங்குது பாரு."

"திங்கட்டும் தாயி. ஒங்க மண்ணுதான?"

தாயி அவளை ஒரு முறை பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த விளக்குமாற்றைக் காட்டினாள். தீட்சை அவ்வளவுதான்.

இருளாயியைப் போல மோசமான சிஷ்யை அந்தத் திட்டில் கால் வைத்ததில்லை. கண்ணை மூடி உட்காரச் சொன்னால் தூங்கிவிடுவாள். மூச்சைக் கவனி என்றால் அடக்கிக்கொள்வாள். பாசி எடுப்பவளுக்கு மூச்சு என்றால் அடக்குவதற்குத்தான். தாயி ஏதாவது சொன்னால் தலையை மட்டும் நன்றாக ஆட்டுவாள். ஆனால் ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை.

ஒரு விஷயம் மட்டும் விநோதமாக இருந்தது. அவள் குழந்தையை மறந்துவிட்டுப் போவாள்.

முதலில் அரைப்பொழுது. பிறகு ஒரு பொழுது முழுக்க. சாயங்காலம் ஈரச் சேலையோடு ஓடி வருவாள். "அய்யய்யோ, புள்ளைய மறந்துட்டுப் போயிட்டேனே தாயி" என்று வாயில் அடித்துக்கொள்வாள். அடித்துக்கொள்ளும்போதே கண் குழந்தையின் வயிற்றைப் பார்க்கும். கஞ்சி குடித்த வயிறா, காய்ந்த வயிறா என்று. எப்போதும் குடித்த வயிறாகத்தான் இருந்தது.

ஒருநாள் நாகஜோதி தாயியின் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "பெரியம்மா, தண்ணி."

"நான் ஒனக்குப் பெரியம்மா இல்ல."

"அம்மா அப்படித்தான் கூப்புடச் சொல்லுச்சு."

தாயி தண்ணீர் மோந்து கொடுத்தாள்.

தை மாதம் பாதி கடந்திருந்தது. கூட்டி முடித்த இருளாயி ஒரு மத்தியானம் தாயியின் எதிரில் வந்து குந்தினாள்.

"ஒரு சந்தேகம் தாயி. ஒரு செடி இருக்குன்னு வைங்க. அதுக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கன்னு..."

"செடியும் வேணாம், கன்னும் வேணாம். நேராச் சொல்லு."

இருளாயி விளக்குமாற்றைக் கீழே வைத்தாள்.

"வயித்துல கட்டி. பெரியாஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். கைய விரிச்சுட்டாக."

"எப்ப?"

"ஒங்ககிட்ட வர்றதுக்கு முன்னால."

தாயி குழந்தையைப் பார்த்தாள்.

"இவ அப்பன் கேரளத்து மீன்பிடி போட்டுக்குப் போனவன், அங்கனயே ஒரு குடும்பத்தப் பாத்துக்கிட்டான். அவன் அண்ணன் வீடு டவுன்ல இருக்கு. புள்ளையக் கொண்டாந்து விடு, நாங்க பாத்துக்கிறோம்னு சொல்றாக. எதுக்குச் சொல்றாகன்னு எனக்குத் தெரியும். அந்த வீட்ல நாலு ஆம்பளப் புள்ளைக. தட்டுக் கழுவ ஆளில்ல."

அவள் குரல் உடையவில்லை. முன்பே பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு வந்த பேச்சு அது.

"நான் ஞானத்துக்கு வரல தாயி."

"தெரியும்."

"தெரியுமா?"

"மொத நாளே தெரியும். ஞானத்துக்கு வர்றவ புள்ளைக்குப் பூ வச்சுத் தூக்கிட்டு வரமாட்டா. பொண்ணு பாக்க வந்தாப்புல இருந்துச்சு."

இருளாயிக்கு வெட்கமாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு குனிந்தபடியே கேட்டாள்.

"அப்ப வச்சுக்கிறீகளா தாயி? இவள?"

தாயி கொட்டகையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு பாய், ஒரு பானை, கொடியில் ஒரு மாற்றுச் சேலை. எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவள் வீட்டில் என்ன இருக்குமோ அது இருந்தது. அவள் முகம் வெளுத்திருந்தது. ஞானிகளுக்கும் பயம் வரும் என்று இருளாயி அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

தாயி கடல் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு அந்த வள்ளக்காரன் சேதுராசு கணவாய் பிடிக்கப் போறானா?"

"போறாரு."

"அவங்கூடப் போ. கொப்புகிட்ட முங்கு. ஒண்ணையும் பிடிக்காத. கணவாய் என்ன செய்யுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

"நான் புள்ளையப் பத்திக் கேக்குறேன் தாயி."

"காதுல விழுந்துச்சு."

அந்தக் கரையில், மை கக்கும் ஓட்டுக் கணவாயைக் கொப்பு வைத்துத்தான் பிடிப்பார்கள். இலையும் தழையுமாகக் கொப்புகளை வெட்டி, கட்டாகக் கட்டி, அடியில் கல்லைக் கட்டிக் கடலில் இறக்கிவிடுவார்கள். மேலே அடையாளத்துக்கு ஒரு மிதவை. தரை மணலாகக் கிடக்கிற இடத்தில் கொப்பு நின்றால் முட்டை வைக்கத் தாய்க் கணவாய்கள் அதைத் தேடி வரும். வருகிறவற்றைத் தூண்டில் போட்டுத் தூக்குவார்கள். முட்டை பிடித்துவிட்டால் 'கொப்பு பூத்துருச்சு' என்பார்கள். பூத்த கொப்புக்கு இன்னும் நிறையக் கணவாய் வரும்.

மறுநாள் காலை இருளாயி சேதுராசின் வள்ளத்திலிருந்து மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

தண்ணீர் தெளிந்து கிடந்தது. இறங்க இறங்க வெளிச்சம் பச்சையாகி, பிறகு நீலமாகியது. வயிற்றிலிருந்த வலி கயிற்றின் பாதியிலேயே கழன்று மேலே போய்விட்டது. தண்ணீருக்குள் எப்போதும் அப்படித்தான். அதனால்தான் அவள் இன்னும் பாசிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

கீழே கொப்பு நின்றது. இலைகள் நீரோட்டத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்து, பிறகு மறுபக்கமாகச் சாய்ந்தன. நிலத்தில் காற்றுக்கு ஆடுவதைவிட மெதுவாக ஆடின.

ஒரு பெட்டைக் கணவாய் வந்தது. பின்னாலேயே வரிவரியாக மின்னிக்கொண்டு ஓர் ஆண். பெட்டை மணலின் நிறத்தில் இருந்தது. கொப்பின் நிழலுக்குள் வந்ததும் நிழலின் நிறமாகிவிட்டது. கொப்பைச் சுற்றி வந்தது. ஒரு குச்சியைத் தொட்டது, விட்டது. இன்னொன்றைத் தொட்டது. தண்ணீரை ஊதி அழுக்கைத் தள்ளிப் பார்த்தது. திரும்பிப் போய்விட்டது. மறுபடி வந்தது.

இருளாயி மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப இறங்கினாள். இன்னும் அது பார்த்துக்கொண்டுதான் இருந்தது. கல்யாணப் புடவை எடுக்கப் போனவள்கூட அவ்வளவு நேரம் பார்க்கமாட்டாள்.

பிறகு அது ஒரு குச்சியைத் தேர்ந்தது. கைகளையெல்லாம் ஒன்றாகக் குவித்து, குச்சியைச் சுற்றிப் பிடித்தது. பூக்கட்டுகிறவளின் விரல்கள் செய்கிற வேலையை அந்தக் கைகள் செய்தன. விலகியபோது குச்சியில் வெள்ளையாக ஒரு முட்டை, காம்பு சுற்றி, கட்டுண்டு இருந்தது. விலகி, இளைப்பாறி, மறுபடி வந்து அதன் பக்கத்தில் இன்னொன்று.

மேலேயிருந்து தூண்டில் இறங்கியது. ஒரு கறுப்புப் புகை பரவியது. புகை கலைந்தபோது பெட்டை இல்லை. ஆண் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே வரிவரியாக நின்றுகொண்டிருந்தது.

மாலையில் அவள் தாயியிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்புறம்?" என்றாள் தாயி.

"அப்புறம் என்ன? பெட்டை வள்ளத்துல கெடந்துச்சு. முட்டை கீழ இருக்கு."

"தூண்டில் விழலன்னா?"

"விழலன்னா இன்னும் கொஞ்சம் வச்சிருக்கும்."

தாயி எழுந்து கரையோரம் போனாள். மணலில் வெள்ளை வெள்ளையாகக் கணவாய் ஓடுகள் ஒதுங்கிக் கிடந்தன. ஒன்றை எடுத்து இரண்டாக ஒடித்தாள். உள்ளே மெல்லிய அடுக்குகள், காகிதக் கட்டை ஒடித்தால் தெரிகிற மாதிரி.

"ஒவ்வொரு அடுக்கும் அது கொஞ்சம் வளந்தது. குஞ்சா இருந்தப்ப இம்புட்டு. அப்புறம் இம்புட்டு. வருசம் திரும்புறதுக்குள்ள இம்புட்டும். அப்புறம் முட்டை வைக்கும்."

"அதுக்கு அப்புறம்?"

"தூண்டில் விழுந்தாலும் விழலன்னாலும் இதான்." ஓட்டை அவள் கையில் வைத்தாள்.

இருளாயி அந்த ஒடிந்த ஓட்டை விரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

"அதுக்குத் தெரியுமா தாயி?"

"நீதான உள்ள போயிப் பாத்த. நீ சொல்லு."

"அழுகல" என்றாள் இருளாயி. "ஆனா அவசரம் இருந்துச்சு."

"நாளைக்கும் போ."

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். பாசிக்குப் போகிற வழியில் ஒருமுறை, திரும்புகிற வழியில் ஒருமுறை கொப்பைப் பார்த்தாள். சேதுராசு கேலி செய்தான். "என்ன இருளாயி, கடலுக்குள்ள தோட்டம் போட்டுருக்கியா?" அவன் கேட்டதில் தப்பு இல்லை. அவளுக்கு அது தோட்டமாகத்தான் ஆகிவிட்டது.

முட்டைகள் நாளுக்கு நாள் பருத்தன. பால் வெள்ளை போய் நுங்கின் நிறம் வந்தது. பிறகு அதுவும் தெளிந்தது. ஒரு நாள் உள்ளே இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. இன்னும் சில நாளில் அவை கண்களாகிவிட்டன. கண்களுக்குப் பின்னால் நகத்தளவு உடம்பு. அந்த உடம்புக்குள் ஒரு வெள்ளைக் கீற்று, அதன் ஓடு.

அவள் நிழல் மேலே பட்டபோது உள்ளேயிருந்தது நிறம் மாறியது.

இருளாயிக்கு மேலே போக மனம் வரவில்லை. அந்தக் குச்சியில் எத்தனை முட்டைகளோ அத்தனை ஜோடிக் கண்களும் அவளைப் பார்த்தன. வெளியே இறால் குஞ்சு ஒன்று போனால் எல்லாக் கண்களும் அதன் பின்னால் போயின. பிறக்கும் முன்பே அவை ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் மூச்சு தீர்கிற வரை அங்கேயே தொங்கிக்கொண்டு கிடந்தாள். தான் யார், வயிற்றில் என்ன இருக்கிறது, கரையில் யார் காத்திருக்கிறார்கள் எல்லாம் மறந்துபோனது.

கொட்டகைக்கு ஓடி வந்தாள். "தாயி! உள்ளருந்தே பாக்குதுக! என்னையப் பாத்து நெறம் மாறுதுக!"

"யாரு சொல்லிக்கொடுத்தா?"

"யாரு இருக்கா சொல்லிக்கொடுக்க? தானாத்தான்..."

சொல்ல வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். அவள் முகம் மாறியது. இத்தனை நாளும் தாயி தன்னை எதற்கு அனுப்பினாள் என்று புரிந்துவிட்டதாக நினைத்தாள்.

"இதச் சொல்லத்தான் முங்க விட்டீகளா? தாய் போயிட்டாலும் புள்ள தானா வளரும்னு?"

தாயி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"எம்புள்ள கணவாய்க் குஞ்சு இல்ல தாயி! அதுக்கு நாலு வயசு. ராத்திரி கனாக் கண்டு எந்திரிச்சு அழுகும். மீனுல முள்ளு எடுத்துக் கொடுக்கணும். தலையில பேன் பாக்கணும். பெரிய மனுசியானா பக்கத்துல ஒரு பொம்பள இருக்கணும். அத எந்தக் கடல் பாக்கும்?"

அவள் அழுதாள். கட்டியைப் பற்றிச் சொன்னபோது வராத அழுகை இப்போது வந்தது. எல்லாம் ஞானிகள் சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது, பெற்றவளுக்கல்லவா தெரியும் என்ற கோபம் அதில் இருந்தது. அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது.

"ஆமா" என்றாள் தாயி. "கணவாய்க்குப் பேன் பாக்க வேண்டியதில்ல."

அவ்வளவுதான் சொன்னாள். இருளாயி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் திட்டுக்கு வரவில்லை. உடம்பும் இடம் கொடுக்கவில்லை. டவுனிலிருந்து பெரியப்பன் ஆள் அனுப்பியிருந்தான். வருகிற வெள்ளிக்கிழமை வந்து குழந்தையைக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தான். இருளாயி நாகஜோதியின் கவுன்களை மடித்து ஒரு மஞ்சள் பையில் வைத்தாள். பிறகு எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

காற்று மாறப் போகிற சமயம் அது. காற்று மாறிவிட்டால் கொப்புகள் அறுத்துக்கொண்டு போய் அடுத்தவர் வலையைக் கிழிக்கும். அதனால் அதற்கு முன்பே எல்லாக் கொப்புகளையும் பிடுங்கிக் கரையேற்றிவிடுவது வழக்கம். காய்ந்ததும் பெண்கள் அடுப்புக்கு எடுத்துப் போவார்கள். இருளாயியும் எத்தனையோ வருஷம் எடுத்துப் போயிருக்கிறாள். காய்ந்த முட்டைத் தோல்கள் நெருப்பில் படபடவென்று வெடிக்கும். அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கமானதுதான்.

கொப்பு பிடுங்கும் அன்று காலை அவள் குழந்தையோடு கரையில் நின்றபோது சேதுராசின் வள்ளம் வந்தது. அவனும் இன்னொருவனும் கொப்பை இழுத்து மணலில் போட்டார்கள். அடுத்ததை இழுக்கத் திரும்பினார்கள்.

அது அவளுடைய கொப்பு. பாதி முட்டைகள் வெடித்து வெறும் தோலாகத் தொங்கின. மறுபாதியில், பிந்தி வைத்தவற்றில், இன்னும் கண்கள் இருந்தன. வெயிலில் அவை நிறம் மாறி மாறித் துடித்தன.

"அண்ணே! இன்னும் இருக்குண்ணே! திரும்பப் போடுங்க!"

"எங்க போடச் சொல்ற? காத்து வந்துருச்சு. அத்துக்கிட்டுப் போயி எவன் வலையிலயாவது மாட்டும். அப்புறம் என்னையல்ல பிடிப்பான்?"

"கொஞ்ச நேரந்தான்... இன்னைக்கே பொரிச்சிரும்..."

"ஏ, வருசா வருசம் இப்படித்தான இழுத்துப் போடுறோம்? நீ பாக்காததா?"

பார்த்ததுதான். அவள் கொப்பின் அடியைப் பிடித்துத் தண்ணீரை நோக்கி இழுத்தாள். ஈரக் கொப்பு. மணலில் புதைந்துகொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் கடல்நீரை மோந்து வந்து ஊற்றுவது போல மணலைத் துழாவினாள். நாகஜோதி பயந்து போய் அலறினாள்.

சேதுராசு கெட்டவன் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

அலறல் கேட்டுத் திட்டிலிருந்து தாயி வந்தாள். ஓடவில்லை, ஆனால் அவள் அவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. கொப்பைப் பார்த்தாள். இருளாயியைப் பார்த்தாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குனிந்து, கொப்பை அடியோடு தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு கடலுக்குள் நடந்தாள்.

இடுப்பளவு தண்ணீரில் போய் நின்று கொப்பைத் தண்ணீருக்குள் இறக்கினாள்.

"தாயி, கல்லக் கட்டித் தாறேன்" என்று கத்தினான் சேதுராசு. பிறகு அவனே சொன்னான். "வேணாம், இங்கன அலை உருட்டிப்புடும். ஆளு பிடிச்சாத்தான் நிக்கும்."

"பிடிச்சுக்கிறேன்" என்றாள் தாயி.

வெயில் ஏறியது. அவள் நின்றாள். அலை வந்தபோது கொப்போடு சேர்ந்து சாய்ந்தாள். அலை போனதும் நிமிர்ந்தாள். கரையில் ஆட்கள் கூடினார்கள், கொஞ்ச நேரம் பார்த்தார்கள், வேலை இருந்ததால் போனார்கள். இருளாயி எழுந்து, குழந்தையைத் தேற்றி மணலில் உட்கார வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் நடந்து வந்து அவள் அருகில் நின்றாள். வலி மெதுவாகக் கழன்று போனது.

தண்ணீர் அவர்களைச் சேர்த்து மெதுவாக ஆட்டியது. எது கரை, எது வானம் என்று தெரியாத ஒரு வெளிச்சம் எல்லாவற்றின்மேலும் கிடந்தது.

பொழுது சாயத் தொடங்கியபோது முதல் முட்டை திறந்தது.

நகத்தளவு குஞ்சு. வால்பக்கமாக வெளியே வந்தது. வந்த இடத்திலேயே ஒரு நிமிஷம் தொங்கியது. உலகம் எந்த நிறம் என்று பார்த்து அந்த நிறத்துக்கு மாறிக்கொண்டது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. ஒன்று தாயியின் கையைப் பார்த்துப் பயந்து, மைப்புள்ளி அளவுக்கு ஒரு கறுப்புப் புகையைத் துப்பிவிட்டு ஓடியது. இருளாயி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இன்னொன்று அதே கையின் நிழலில் போய் ஒண்டிக்கொண்டது. தாயி அந்தக் கையை அசைக்கவில்லை.

"பெரியம்மா!"

கரையில் விட்டு வந்த நாகஜோதி தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். முழங்கால், பிறகு தொடை, பிறகு மார்பு. ஒரு சின்ன அலை வந்து அவளைத் தள்ளாட வைத்தது.

இருவரும் திரும்பினார்கள். இருளாயிதான் பக்கத்தில் இருந்தாள். அவள் கையை நீட்டவில்லை.

தாயி ஒரு கையால் கொப்பைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை எட்டிக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். நாகஜோதி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கீழே குனிந்து குஞ்சுகளைப் பார்த்தாள். "என்னது பெரியம்மா அது? என்னது?"

"கணவாய்க் குஞ்சு."

"அதோட அம்மா எங்க?"

தாயி இருளாயியைப் பார்த்தாள். இருளாயி கொப்பைப் பார்த்தாள். கடைசி முட்டைகள் திறந்துகொண்டிருந்தன. தோல்கள் மட்டும் குச்சியில் நின்று ஆடின.

இருளாயிக்கு இன்னும் மனம் ஆறவில்லை. வெள்ளிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. கண்ணால் பார்த்ததை நம்பி இருந்துவிட அவளுக்கு நேரமில்லை. வாயால் ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. தண்ணீரில் நின்றபடியே கைகூப்பினாள்.

"தாயி, நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் ஒரு பதில் சொல்லல. என்னால தாங்க முடியல. எம்புள்ளைய வச்சுக்கிறீகளா, மாட்டீகளா? ஒங்க வாயால சொல்லுங்க."

தாயி இடுப்பிலிருந்த குழந்தையைச் சரியாக ஏற்றி வைத்துக்கொண்டாள்.

"எந்தக் கணவாய் கொப்புகிட்டக் கேட்டுட்டு முட்டை வச்சுச்சு, இருளாயி?"